அரைப்பேர்

மத்தியானக் கொழுந்தை நிறுத்துப் போட்டு
படங்கை அவிழ்க்கும்போதே கணக்கப்பிள்ளை சொன்னார்:
"ஏழு பேருக்கும் இன்றைக்கு அரைப்பேர்தான்."
தெரியும் என்றோம்.
யோகமலர் மட்டும்
"மத்த அரையை கிரவுண்ட்ல எடுத்துக்கிறோம்" என்றாள்.
அவர் சிரிக்கவில்லை.
செக்ரோலை மூடிவிட்டுச் சிரித்தார்.

கிரவுண்ட் என்பது
கவ்வாத்து மலைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் நடுவில்
சறுக்கி விழப் பார்த்து
மனம்மாறி நின்றுவிட்ட ஒரு துண்டு நிலம்.
மேல்பக்கத்து வளையத்துக்கு ஓடினால் ஏற்றம்.
கீழ்ப்பக்கத்தில் கைதவறினால்
பந்து மூன்று கான் தாண்டி எட்டாம் நம்பர் மலைக்குப் போகும்.
சவுக்குக் கம்பு, தார்ப்பீப்பாயின் இரும்பு வளையம்.
கோடு போட்ட சுண்ணாம்பு
பிள்ளைக்காம்பராச் சுவருக்கு வந்தது.
சுவர் அடுத்த வருஷம் வெளுத்துக்கொள்ளும்.

பழகத் தொடங்கிய நாளில்
பந்தைப் பிடித்த மரியசெல்வி
ஒன்றும் யோசியாமல்
தோளுக்கு மேலால் பின்னே எறிந்தாள்.
பதினாறு வருஷமாய் அவள் கூடை அங்கேதான் இருந்தது.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
லயத்துக் கோழிகள் தகரத்தில் ஏறின.

விதி சொல்லித்தந்தவள் என் மகள் நிலக்ஷனா,
ஒன்பதாம் வகுப்பு, பாடசாலை அணி.
வேறு ஆள் கிடைக்காததால்
போட்டிக்கு நடுவரும் அவளே.
"கையில பந்து வந்தா நடக்கக் கூடாதும்மா."
விடியற்காலைப் பெரட்டிலிருந்து
ஏறி இறங்கித் தேய்ந்த கால்களிடம்
நில் என்று சொல்லும் விளையாட்டொன்று இருப்பது
முப்பத்தெட்டு வயதில் தெரியவந்தது.
நிற்கவும் பழகத்தான் வேண்டியிருந்தது.
"மூணு செக்கனுக்கு மேல வெச்சிருக்கவும் கூடாது."
அது பரவாயில்லை.
கைக்கு வந்த எதை
அதற்குமேல் வைத்திருந்தோம்?

எதிரணி கீழே கிராமத்துப் பெண்கள்.
நகத்தில் லீக்ஸ் பாத்தி மண்.
ஞாயிற்றுச் சந்தையில் விலை கேட்டிருக்கிறோம்,
கிளினிக் வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்,
பேர் கேட்டதில்லை.

ஏழுக்கு ஐந்து என்று பின்னால் நின்றபோது
மூட்டம் இறங்கியது.
வளையம் போனது. கோடு போனது.
வேலியோரம் குந்தியிருந்த ஆம்பிளைகள்
பீடி முனைகளாய் மிஞ்சினார்கள்.
நிலக்ஷனா விசிலை வாயில் வைத்தபடி
நிறுத்தவா என்று பார்த்தாள்.
ரெண்டு பக்கமும் தலையாட்டிவிட்டோம்,
அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

இனிமேல் பேரைக் கூப்பிட்டால்தான் பந்து.
யோகமலர்! புஷ்பகாந்தி! மரியசெல்வி!
லயத்தில் நாங்கள்
தொங்கல்வீட்டுக்காரி, டிரைவர் பொஞ்சாதி, சுட்டியோட அம்மா.
"அமராவதி!" என்று
வெள்ளைக்குள்ளிருந்து யாரோ கத்தியபோது
நானும் ஒரு கணம் திரும்பித் தேடினேன்,
எந்தப் பொம்பிளை அது என்று.

"மெஹாட்ட! மெஹாட்ட!"
இங்கே என்று கேட்கிற தொண்டை எதுவானாலும்
என் கை எறிந்துவிட்டது.
பிடித்தவள் சோமலதா, எதிரணி.
நம்ப முடியாமல் நின்று சிரித்ததில்
மூன்று செக்கனைக் கடந்துவிட்டாள்.
விசில். பந்து மறுபடி எங்களுக்கு.

பதினொன்றுக்கு ஒன்பது. தோற்றோம்.
வாளியில் வந்த பிளேன்டீயை
எல்லாரும் நின்றபடி குடித்தோம்.
சோமலதா ரெண்டாம் கோப்பைக்கு நீட்டினாள்,
சீனி கொஞ்சம் போதாது என்று கையால் காட்டினாள்.
எங்களுக்கும் அதே குறைதான்.

ராத்திரி, நிலக்ஷனாவின் கணக்குக் கொப்பி,
கடைசிப் பக்கம்.
ஏழு பேரும், தகப்பன் முதலெழுத்தோடு,
வெட்டும் திருத்தமும் இல்லாமல்.
என் பேருக்கு நேரே:
கோல் நாலு. நடைப்பிழை ஆறு.

"ஆறா? அஞ்சுக்குத்தானே ஊதினே?"

"மூட்டத்துக்குள்ள ஒண்ணு" என்றாள்
தலை நிமிராமல்.
"தெரியலதான். கேட்டுச்சு."